கூடத்துச் சுவருக்குள் மூன்று குழாய்கள்

திருவல்லிக்கேணியில் என் தாத்தா 1936-ஆம் ஆண்டில் கட்டிய வீட்டைப் பழுதுபார்க்கும் வேலையைச் சென்ற சித்திரையில் தொடங்கினோம். திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றிய கூடம், சமையலறை, கொல்லையில் கிணறு என்று நீளவாக்கில் போகும் வீடு அது. சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய ஒன்றரை அடிக் கனமுள்ள செங்கல் சுவர்கள். மேலே தேக்கு உத்திரங்களின் மீது மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் இட்டு இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். சுவருக்கு வெள்ளையடித்து, மின்கம்பிகளை மாற்றி, குளியலறையைச் சீர்செய்துவிட்டால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். கூடத்தின் வடக்குச் சுவரைத் திறந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது.

அந்தச் சுவரில் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், ஒரு தாம்பாளத்தின் அகலத்துக்கு, ஓதம் பல ஆண்டுகளாக இருந்துவந்தது. எத்தனை முறை சுரண்டிப் பூசினாலும் ஆறு மாதத்துக்குள் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்துவிடும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வீடு என்பதால், தரையிலிருந்து ஏறும் ஓதம் என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். ஆனால் தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரின் அடியில் மிகுந்தும் மேலே போகப்போகக் குறைந்தும் இருக்க வேண்டும். இங்கே அடிச்சுவர் உலர்ந்திருக்க, நடுச்சுவர் நனைந்திருந்தது. கத்திரி வெயிலிலும் அது முழுதாகக் காயவில்லை. என் அம்மா இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தார். "காலையில பார்த்தா அந்த இடம் கருப்பா இருக்குடா, சாயங்காலத்துக்குள்ள வெளுத்துடறது" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை நான் அப்போதே பிடித்துக்கொண்டிருந்தால் பின்னால் நடந்த சேதத்தைத் தவிர்த்திருக்கலாம்.

கொத்தனார் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டியதும் பூச்சு ஒரு பலகையைப் போலப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே மூன்று குழாய்கள் இருந்தன. ஒன்று முக்கால் அங்குல ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்; துரு அதன் மேல் ஏடு ஏடாக எழும்பி, தொட்டால் அப்பளம்போல நொறுங்கியது. அதை ஒட்டி நாலு அங்குல விட்டத்தில் ஒரு பழுப்பு நிறக் குழாய், ஊறுகாய் ஜாடியின் அதே பளபளப்போடு நின்றது. உண்மையிலேயே இரண்டும் ஒரே குடும்பம்தான்: களிமண்ணைச் சூளையில் வேகவைக்கும்போது உப்பைத் தூவினால் மேற்பரப்பில் கண்ணாடிபோல் ஒரு பூச்சு படியும், அப்படிச் செய்த பீங்கான் குழாய் அது. மூன்றாவது, அரை அங்குல ஜி.ஐ. குழாய். அதன் மேல் மங்கலாக ஒரு நீலப் பட்டை தெரிந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி இரும்புக் குழாய்களின் கனத்தைக் காட்ட மெல்லியதற்கு மஞ்சள், நடுத்தரத்துக்கு நீலம், கனமானதற்குச் சிவப்பு என்று பட்டை போடுவார்கள். ஆகவே இது சுதந்திரத்துக்குப் பின், பெரும்பாலும் மாடியில் குளியலறை எடுத்தபோது, இறக்கிய குழாயாக இருக்க வேண்டும்.

வேலையை ஏற்றிருந்த ஒப்பந்தக்காரர் மூன்றையும் பார்த்துவிட்டு, "எல்லாம் செத்த லைன் சார், அறுத்துட்டு அடைச்சுடலாம்" என்றார். முற்றத்தில் இருந்த பழைய குழாயை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள்; முக்கால் அங்குலக் குழாய் அதற்குத்தான் போயிருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. மாடித் தொட்டியின் வால்வை மூடிவிட்டு நண்பகலில் அதை அறுத்தார்கள். ஒரு கரண்டி அளவு செந்நிறச் சேறு ஒழுகியதோடு சரி, சொட்டு நீர் இல்லை. செத்த குழாய் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம் என்று நானும் நம்பினேன். மாலையில் அறுத்த முனைகளை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அம்மாவின் குரல் கேட்டு எழுந்து வந்தால், சுவரிலிருந்து நீர் பீய்ச்சி அடித்துக் கூடம் முழுவதும் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நின்றது. ரேழித் தரையில் இருந்த கேட் வால்வைத் திருகினேன்; தண்டு சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, உள்ளே கதவு அதிலிருந்து கழன்று போயிருந்ததால் நீர் நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த பிளம்பர் அண்ணன் ஓடிவந்து, ஒரு மரக்கட்டையை ஆப்பாகச் சீவி, அதில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் குழாய் வாயில் அடித்து இறுக்கிய பிறகுதான் நின்றது. தேக்குப் பெட்டி ஒன்றும், தாத்தா காலத்துக் கணக்கு நோட்டுகள் சிலவும் நனைந்து வீணாயின.

நடந்தது இதுதான். அந்தக் குழாய் மாடித் தொட்டியோடு சேர்ந்ததன்று; தெருக் குழாயிலிருந்து நேராக வருவது. சென்னையில் பல தெருக்களில் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. குறிப்பிட்ட சில மணி நேரம்தான் வருகிறது. எங்கள் தெருவில் அது விடியற்காலை. நண்பகலில் அறுத்தபோது தெருக் குழாயே காலியாக இருந்தது. அதனால் உயிருள்ள குழாய் செத்ததுபோல் காட்சி தந்தது. அம்மா சொன்ன காலைக் கருப்பும் மாலை வெளுப்பும் இதே கடிகாரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்றிலிருந்து தினமும் காலையில் கசிந்து, மாலைக்குள் சுவர் கொஞ்சம் காய்ந்துவந்திருக்கிறது. சுவருக்குள் ஒரு குழாய் உலர்ந்திருக்கிறது என்றால், திறந்த நேரத்தில் அதில் நீர் இல்லை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. இரண்டு முனைகளும் எங்கே போகின்றன என்று கண்டுபிடித்து, நீர் வரும் நேரத்தையும் ஒரு முழுச் சுற்றுப் பார்த்த பிறகே அதைச் செத்தது என்று சொல்ல முடியும். அது தெரியும்வரை அறுத்த முனைக்கு மரையிட்டு மூடி போடாமல் ஓர் இரவுகூட விடக்கூடாது.

ஏன் அப்படி ஒரு நேரடிக் குழாய் இருந்தது என்பதற்கு ஊரின் வரலாற்றில் விடை இருக்கிறது. 1872-இல் செங்குன்றம் ஏரியின் நீரைத் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் மேட்டுப்பள்ள ஓட்டத்திலேயே நகரத்துக்கு அனுப்பினார்கள். 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் வந்தன. எங்கள் வீடு கட்டிய காலத்தில் தெருக் குழாயின் அழுத்தத்திலேயே முற்றத்துக் குழாயில் நீர் வந்திருக்க வேண்டும். பின்னால் அழுத்தம் குறைந்து, தெருத் திண்ணையருகே கைப்பம்பும், அதற்குப் பின் தரைக்கடியில் தொட்டியும் மோட்டாரும் வந்தன. ஒவ்வொரு முறையும் புதிய வழியைச் சேர்த்தார்களே தவிரப் பழைய வழியை அதன் தொடக்கத்தில் அடைக்கவில்லை. முற்றத்துக் குழாயை எடுத்தவர்கள் அந்த முனையில் மட்டும் மூடி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக அந்தக் குழாய் சுவருக்குள் தினமும் நிறைந்து வடிந்துகொண்டிருந்திருக்கிறது.

அறுத்தெடுத்த துண்டு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். முக்கால் அங்குலக் குழாய்க்குள் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கே வழி இருக்கிறது. மீதியெல்லாம் துருக் கட்டிகள், மேலே செங்கருப்பாகவும் உள்ளே மஞ்சளாகவும், பலாச்சுளை மேல் பிசின் ஒட்டியதுபோல. இரும்பைக் காக்கத் தன்னைக் கொடுத்துக் கரையும் துத்தநாகப் பூச்சு தீர்ந்துபோனதும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அரிப்பு தொடங்கிவிடுகிறது. மரை வெட்டிய இடத்தில் குழாயின் கனம் ஏற்கெனவே பாதியாகக் குறைந்திருப்பதால் முதல் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் விழும்; எங்கள் குழாயிலும் எல்போ என்னும் வளைவு இணைப்பை ஒட்டிய மரையில்தான் விழுந்திருந்தது.

இந்த ஓட்டையால் சுவர் கெட்டதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. நீர் வரும் நேரத்தில் ஓட்டை வழியே வெளியே கசியும். நீர் நின்று, தெருவில் யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, வெளியே இருப்பது அதே ஓட்டை வழியே உள்ளே இழுபடும். எங்கள் வீட்டில் அந்த ஓட்டைக்கு நான்கு அங்குலம் தள்ளி நின்றது, எதைச் சுமக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு பீங்கான் குழாய். அது கழிவுநீர்க் குழாயாக இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் நாங்கள் எதைக் குடித்திருப்போம் என்று நினைத்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழைய வீட்டுச் சுவரில் குடிநீரும் வடிகாலும் அடுத்தடுத்துப் போவதைப் பார்த்தால், மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அதைக் கவனிக்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

ஆகவே அடுத்ததாக அந்தப் பீங்கான் குழாயின் வழியைத் தேடினோம். ஒப்பந்தக்காரர் அதற்குள் கான்கிரீட் ஊற்றி அடைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். காலையில் நடந்ததற்குப் பிறகு நான் அதற்கு இசையவில்லை. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் மூலையில், பல அடுக்குச் சுண்ணாம்புக்குக் கீழே, இலைச்சருகு அடைத்த ஒரு தூம்பு வாய் இருந்தது. பிளம்பர் அண்ணன் இரண்டு வாளி நீரில் கைப்பிடி மஞ்சள்தூளைக் கரைத்து அதில் ஊற்றினார். தெருச் சாக்கடையில் ஓர் ஆளும், முற்றத்து ஜலதாரையில் ஓர் ஆளும், கொல்லையில் நானுமாக நின்றோம். தெருவிலும் முற்றத்திலும் ஒன்றும் வரவில்லை. சிறிது நேரத்தில் கிணற்றருகே துணி துவைக்கும் கல்லுக்கு அடியிலிருந்து மெல்லிய சலசலப்புக் கேட்டது. கல்லைப் புரட்டினால் கீழே கூழாங்கல்லும் மணலும் இட்ட ஒரு குழி. மேல் அடுக்குக் கற்களெல்லாம் மஞ்சளாகியிருந்தன. குழியின் அடியிலிருந்து ஒரு பி.வி.சி. குழாய் கிணற்றுக்குள் இறங்கியது.

அம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. 2003-ஆம் ஆண்டு, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு அறிவித்தபோது அப்பா செய்த ஏற்பாடு அது. தாத்தா காலத்து மழைக்குழாயையே பயன்படுத்திக்கொண்டு, அதன் அடிமுனையை மட்டும் கிணற்றுப் பக்கம் திருப்பியிருக்கிறார். அவர் போன பிறகு அந்த விவரமும் போய்விட்டது. கான்கிரீட்டை ஊற்றியிருந்தால் மாடியின் பாதி மழைநீர் போக்கிடம் இன்றித் தளத்திலேயே தேங்கியிருக்கும். மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. உத்திரத்தின் முனைகள் சுவருக்குள் புதைந்திருப்பதால், அங்கே ஈரம் தங்கினால் வைரம்பாய்ந்த தேக்கும் மெல்ல மெல்ல உளுத்துப்போகும். ஓதம் இருந்த இடத்துக்கு நேர் மேலே இருந்த உத்திர முனையைத் திருப்புளியால் குத்திப் பார்த்தோம். மேற்புறம் ஓர் அங்குல ஆழத்துக்கு மெத்தென்றிருந்தது, உள்ளே உறுதியாக இருந்தது. மெத்தென்ற பகுதியைச் செதுக்கி, முனையைச் சுற்றிக் காற்றுப் படும்படி இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறோம்.

கைப்பேசியில் மாட்டக்கூடிய மெல்லிய கேமராவை பீங்கான் குழாய்க்குள் மாடியிலிருந்து இறக்கிப் பார்த்தபோது, குழாய் முழுதாக இருந்தது. இரண்டு இணைப்புகளில் மட்டும் வேப்ப வேர் தலைமுடிபோல் உள்ளே தொங்கியது. இந்தக் குழாய்களின் இணைப்பில் சணல் கயிற்றைத் திணித்து அதன் மேல் காரை பூசியிருப்பார்கள். சணல் மக்கியதும் வேர் அந்த ஈரத்தைத் தேடி வந்துவிடும். அந்த இரண்டு இணைப்புகளை மட்டும் திறந்து, வேரை அகற்றி, மறுபடி பூசினோம். எண்பது ஆண்டுகளுக்கு மேலான குழாய் இன்னும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கிறது. அதைத் தூக்கி எறிய எந்தக் காரணமும் இல்லை.

மூன்றாவது குழாயான நீலப் பட்டைக் குழாயில் வேறோர் ஆபத்து காத்திருந்தது. அதைக் கழற்றத் தொடங்கியபோது, சுவிட்ச் பலகைக்குப் பின்னால் அதன் மேல் ஒரு பட்டை முறுக்கப்பட்டு, அதிலிருந்து ஒரு செம்புக் கம்பி மேலே போவதைக் கண்டோம். பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. இரும்புக் குழாய் மண்ணுக்குள் போவதால் அதுவே எர்த் ஆகிவிடும். நாங்கள் அந்தக் குழாயின் கீழ்ப்பகுதியை பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தால், வீட்டின் எர்த் யாருக்கும் தெரியாமல் அறுந்துபோயிருக்கும். அது மட்டுமல்ல, மேலே மிஞ்சிய இரும்புத் துண்டோடு குளியலறைக் குழாய்கள் சேர்ந்திருப்பதால், கீசரில் ஏதாவது கோளாறு ஏற்பட்டால் மின்சாரம் போக வழியின்றி அந்தக் குழாய்த் திருகிலேயே நிற்கும், ஈரக் கையோடு அதைத் தொடுகிறவருக்காக. நான் இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன், ஏனென்றால் பிளம்பருக்கு மின்வேலை தெரியாது, எலக்ட்ரீசியன் குழாயைப் பார்ப்பதில்லை. இருவரையும் ஒரே நேரத்தில் சுவர் முன்னால் நிற்கவைத்த பிறகே ஜி.ஐ. குழாயில் கை வைக்க வேண்டும். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டுத் தனி எர்த் போட்டு, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்சைப் பொருத்திச் சோதித்த பிறகே அந்தக் குழாயை எடுத்தோம்.

நேரடிக் குழாயைத் தெருவை நோக்கித் தேடிக்கொண்டு போனபோது திண்ணைக்கு அடியில் இரண்டடி நீளத்துக்கு அது சாம்பல் நிறமாக, சற்று வளைந்து கிடந்தது. காந்தம் ஒட்டவில்லை, நாணயத்தால் கீறியதும் வெள்ளிபோல் மின்னியது. ஈயம். குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தரம் வைத்திருக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே இல்லை என்பதுதான் மருத்துவ அறிவு. அதை ஒரு நாள்கூட விட மனம் வரவில்லை. தெருப்பக்க இணைப்பில் நாமாகக் கை வைக்கக் கூடாது என்பதால், குடிநீர் வாரியத்தில் விண்ணப்பித்துப் பழைய இணைப்பைத் தெருக் குழாயிலேயே அடைத்துப் புதிய இணைப்பு பெற்றோம். கொல்லைக் கழிவறையில் இருந்த ஏ.சி. பைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது, கட்டிங் மெஷினால் அறுத்தால் பறக்கும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. நீரில் நன்றாக நனைத்து, உடைக்காமல், இணைப்போடு முழுதாகக் கழற்றி எடுக்கச் சொன்னேன்.

புதிய சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்களைப் பெரும்பாலும் சுவருக்குள் புதைக்கவில்லை. பழைய சுவரில் காடி, அதாவது குழாய் பதிக்கும் பள்ளம், வெட்டுவதற்கு வரம்பு உண்டு: நெட்டுவாக்கில் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும், குறுக்குவாக்கில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆழம் போகக் கூடாது. எங்கள் சுவருக்கு அது 6 அங்குலமும் 3 அங்குலமும் ஆகும். ஆனாலும் சுண்ணாம்புக் காரைச் சுவரில் மெஷின் வைத்தால் செங்கல்லே ஆட்டம் காண்கிறது. அதனால் பழைய குழாய் இருந்த காடியை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, மீதியைத் தாழ்வார ஓரமாக, கழற்றக்கூடிய தேக்குப் பலகை மூடிக்குள் கொண்டுபோனோம். அழகு குறைகிறது என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அடுத்த கசிவைச் சுவரை உடைக்காமல் பார்க்க முடிகிற வசதியை நான் அழகுக்கு மேலாக வைக்கிறேன்.

காடியை மூடுமுன் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு முழுவதும் அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்தோம். ஓர் இணைப்பில் இறங்கியது, மறுபடி ஒட்டினோம். பிறகு காடியைச் சிமெண்டால் அல்லாமல், சுண்ணாம்பும் மணலும் செங்கல் தூளும் கலந்த காரையால் நிரப்பினோம். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன் நடுவே சிமெண்டுப் பட்டையை வைத்தால், உள்ளே இருக்கும் ஈரம் பட்டையின் இரு ஓரமும் உப்பாக வெளிவரும். முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சு பொரிந்ததற்குப் பாதிக் காரணம், அதன் மேல் மாறி மாறிப் பூசிய சிமெண்டுதான். மேலே படிந்த உப்பைக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, இரண்டு மாதம் அப்படியே காயவிட்டு, அதன் பிறகே சுண்ணாம்பு அடித்தோம். இப்போது காலையிலும் மாலையிலும் சுவர் ஒரே நிறத்தில் இருக்கிறது. அம்மா தினமும் எழுந்ததும் அங்கே கை வைத்துப் பார்க்கிறார்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் அருகில் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்தேன். வீட்டின் வரைபடம் ஒன்றில் குடிநீரை நீலத்திலும், மழைநீரைப் பச்சையிலும், கழிவுநீரைக் கறுப்பிலும், எர்த் கம்பியைச் சிவப்பிலும் வரைந்து, எந்த வால்வு எதை நிறுத்தும் என்று எழுதி, மின்மீட்டர்ப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். சமையலறைத் தரைக்கு அடியில் போகும் இன்னொரு பழைய இரும்புக் குழாயின் ஒரு முனையை மட்டுமே கண்டுபிடித்தோம். அதற்கு மூடி போட்டு, வரைபடத்தில் அதைப் புள்ளிக் கோடாக விட்டு, பக்கத்தில் "மறுமுனை தெரியவில்லை, அறுக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன்.